பாடகர் வருகிற இடம்

கொடைக்கானல் கோடை விழா மேடையில் சிவமுருகன் மாண்டலினை மீட்டுவதை நிறுத்தியபோது கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று முன்வரிசையில் நாலு பேர் கை தட்டினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். தட்டி ஓய்ந்த நேரத்தில் அவர் மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தார். அரை நிமிடம் போனதும் மறுபடியும் நிறுத்தினார். இந்தத் தடவை ஒருத்தரும் தட்டவில்லை. அவர் இடது பக்கம் முகத்தைத் திருப்பி, வா என்று யாரையோ கூப்பிடுகிற மாதிரி தலையை ஆட்டினார். அங்கே ஒரு தண்ணீர் கேனும் சுருட்டிப் போட்ட வயரும்தான் இருந்தன.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், தான் நிறுத்தியது சிவமுருகனுக்கே தெரியாது. பிரமாதமாக வாசித்துவிட்டோம் என்ற நினைப்போடுதான் மேடையை விட்டு இறங்கினார்.

வில்பட்டியில் பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பம் அவருடையது. சின்ன வயதில் கொடைக்கானலில் ஓட்டல் வேலைக்குப் போன இடத்தில், அறையைக் காலி செய்த யாரோ ஒரு மாண்டலினை மறந்து விட்டுப் போனார்கள். மேனேஜர் மூன்று மாதம் வைத்திருந்து பார்த்துவிட்டு, இடத்தை அடைக்கிறது என்று இவர் தலையில் கட்டினார். அதோடு இருபது வயதில் சென்னைக்குப் பஸ் ஏறியவர், இருபத்தாறு வருஷம் ரெக்கார்டிங் தியேட்டர்களில் காலம் தள்ளினார். சினிமாப் பாட்டு, சாமி பாட்டு, டீத்தூள் விளம்பரம், எதையும் விட்டதில்லை. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு இசைத் துண்டு வருமே, அதை அங்கே பிட் என்பார்கள். பிட் வாசிப்பதுதான் அவர் பிழைப்பு. எட்டு எண்ணிக்கை வாசித்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அது பாடகர் வருகிற இடம். பாடகர் நிற்கிற கண்ணாடி அறை இடது பக்கம். பிற்பாடு பாடகர்கள் தனியாக வந்து, தனியாகப் பாடிவிட்டுப் போகிற காலம் வந்தது. ஆனாலும் காலியாகக் கிடந்த அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் சிவமுருகன் கையை எடுப்பார். எடுக்கப் பிந்தியதாக அவர் ஒரு நாளும் வசவு வாங்கியதில்லை.

அவர் மனைவி வேலுத்தாய் ஊரிலேயே இருந்து வெள்ளாமையைப் பார்த்துக்கொண்டார். டவுனுக்குப் போகிற பஸ்ஸில் பாட்டு ஓடும்போது போன் போடுவார்.

“ஏங்க, இப்ப ஒரு சத்தம் வந்துச்சே, அது நீங்களா?”

“ஆமா, நாந்தேன்.”

“என்னன்னு கேக்குறதுக்குள்ள போயிருச்சே.”

இருபத்தாறு வருஷமாக வேலுத்தாய் தன் புருஷன் வாசிப்பைக் கேட்டது இந்த லட்சணத்தில்தான். கூப்பிடுகிற தியேட்டர்கள் குறைந்து, போன வருஷம் ஊர் திரும்பியபோது சிவமுருகனுக்கு மனசில் ஒரே ஒரு ஆசைதான். ஆரம்பம் முதல் முடிவு வரை தன்னுடையதாக ஒன்று வாசிக்க வேண்டும், அதை வேலுத்தாய் முழுசாகக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் தனிக் கச்சேரி என்று இறங்கினார். ஆனால் கோடை விழா அன்றைக்குத் தோட்டத்து வேலையை விட்டு வேலுத்தாயால் வர முடியவில்லை.

ஏரிப் பக்கம் மைக்செட் கடை வைத்திருக்கும் பிரசாந்த் அந்தக் கோடை விழாக் கச்சேரியை வீடியோ எடுத்து நெட்டில் போட்டிருந்தான். பத்து நாள் கழித்து சிவமுருகனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“அண்ணே, இந்த சைலன்ஸ் இருக்கே, செம டச்சுண்ணே. பெங்களூர்ல இருந்தெல்லாம் கமெண்ட் போட்டிருக்காங்க. மலையோட அமைதி இவரு விரல்ல இருக்குன்னு ஒருத்தரு எழுதிருக்காரு.”

சிவமுருகன் அப்போதுதான் தன்னைப் பார்த்தார். விரல் நிற்கிறது. முகம் இடது பக்கம் திரும்புகிறது. தலை ஆடுகிறது. ஒன்பது இடத்தில் இதே கதை.

“தம்பி, இது அமைதியெல்லாம் இல்ல. பாடகருக்கு எடம் விட்டிருக்கேன்.”

“எந்தப் பாடகருண்ணே?”

“அதான், ஒருத்தரும் இல்லையே.”

பிரசாந்த் குரலைத் தாழ்த்தி, “இத வெளிய சொல்லிறாதீங்கண்ணே,” என்றான். அடுத்த மாதம் ஒரு ஓட்டல் ஹாலில் கச்சேரிக்கு ஏற்பாடு செய்து, ‘மௌன மாண்டலின்’ என்று போஸ்டரும் அடித்துவிட்டான்.

சிவமுருகன் குழம்பிப் போனார். தப்பைத் திருத்தினால் போஸ்டர் பொய்யாகிவிடும். திருத்தாவிட்டால் நாமே பொய்யாகிவிடுவோம். ஊரே மெச்சுகிற ஒன்றைத் தன்னால் சகிக்க முடியவில்லையே, ஒருவேளை நமக்குத்தான் ரசனை இல்லையோ என்றுகூட யோசித்தார். நிற்கிற இடத்தில் எதையாவது வாசித்து அடைக்கலாம் என்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். எட்டு எண்ணிக்கை முடிந்ததும் கை தானாக எழும்பியது. பிடித்து அமுக்கினாலும், அதற்கு மேல் என்ன வாசிப்பதென்று மனசில் ஒன்றுமே இல்லை. அதுதான் அவரை மிகவும் பயமுறுத்தியது.

கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பழனியில் ஒரு ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தது. முருகன் பாட்டு ஒன்றுக்கு ஒரே ஒரு பிட். தெரிந்த வேலையாவது செய்வோம் என்று வெள்ளனே கிளம்பிப் போனார்.

அங்கே இடது பக்கம் கண்ணாடி இல்லை, வெறும் சுவர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்தார். எட்டு எண்ணிக்கை முடிந்தது. திரும்பினார், சுவரைப் பார்த்தார், கை நிற்கவில்லை. சரணம் வரவேண்டிய இடத்துக்குள் நுழைந்து, தாண்டி, எங்கெங்கோ போனது. தனக்கே தெரியாத ஒரு மெட்டு தன் விரலில் ஓடுவதைக் கேட்டு அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த குகன் இரண்டு கையையும் வீசி நிறுத்தினான்.

“என்னங்கண்ணே ஆச்சு? எட்டுதானுங்களே?”

“மன்னிச்சுக்கங்க தம்பி.”

இரண்டாம் தடவை கச்சிதமாக எட்டோடு நிறுத்தினார். எல்லோருக்கும் திருப்தி. மாண்டலினை உறையில் போட்டுவிட்டு, கூச்சத்தோடு குகனிடம் கேட்டார்.

“மொதல்ல ஒண்ணு வாசிச்சேனே, அத மட்டும் எனக்கு அனுப்ப முடியுமா?”

“தப்பா வந்ததா? அத அப்பவே அழிச்சிட்டேனுங்கண்ணே.”

நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்கவில்லை, நிற்கக் கூடாத இடத்தில் நிற்கிறோம், இது என்ன விரல் என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஆயக்குடிக் கொய்யா வாங்கிக்கொண்டு கொடைக்கானல் பஸ் ஏறினார். மலை ஏற ஏற, அந்த மெட்டின் தொடக்கத்தை முன் சீட்டுக் கம்பியில் விரலால் தேடினார். கொஞ்சம் பிடிபட்டது. அந்த நேரம் பார்த்து டிரைவர் பாட்டைப் போட்டார். அதில் அவர் எப்போதோ வாசித்த ஒரு பிட் வந்தது. வந்து, பிடிபட்டிருந்ததையும் அடித்துக்கொண்டு போனது.

வீட்டில் வேலுத்தாய் பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். சிவமுருகன் எதிரே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். வேலுத்தாய் கொய்யாவைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

“அது எப்படி இருந்துச்சு?”

“தெரியலயே. போயிருச்சு.”

“சரி, வாசிங்க. கேப்போம்.”

வாசித்தார். எட்டு எண்ணிக்கை முடிந்தது. கை எழும்பியது, முகம் இடது பக்கம் திரும்பியது. அங்கே தண்டோடு கட்டித் தொங்கவிட்ட பூண்டு வரிசை வரிசையாக இருந்தது. வேலுத்தாய் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார்.

“அங்குட்டு யாரத் தேடுறீங்க? ஒருத்தரும் வரல. நீங்கதேன் வரணும்.”

சிவமுருகன் அவரைப் பார்த்தார். என்ன வாசிப்பது என்று இன்னும் தெரியவில்லை. தூக்கிய கையைக் கம்பிமேல் இறக்கினார். முதல் ஸ்வரமே தப்பாக விழுந்தது. வேலுத்தாய்க்கு அது தப்பு என்று தெரியாது. அவர் மடியிலிருந்த பூண்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், இவரும் நிறுத்தவில்லை.