ஆறாம் படுக்கைக்குப் போட்ட ஊசி

பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு, பெண்கள் வார்டில் ஆறாம் படுக்கையில் இருந்தவருக்கு வேல்விழி பத்து யூனிட் இன்சுலின் போட்டாள். கணினித் திரையில் பச்சை விழுந்தது. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான நேரம் என்று அதற்கு அர்த்தம். மூன்றில் முதலாவது பொய். அது அப்போது கணினிக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

திருப்பூரில் அந்தத் தனியார் மருத்துவமனையில் வேல்விழிக்குப் பதினோராவது வருடம். அப்பா குருசாமி சாத்தூர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு இதே ஊரின் மண்ணரைக்கு வந்து, பனியனுக்கு இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டராக நின்றவர். அவளும் பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் இரண்டு வருடம் நின்றாள். அதற்குப் பிறகுதான் நர்சிங். "பேக்கிங்ல நின்ன கை, அதான் வேகம்" என்று வார்டில் சொல்வார்கள். அவளுக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

ஒன்றரை வருடம் முன்பு வார்டுக்கு ஸ்கேனர் வந்தது. நோயாளியின் கைப்பட்டையில் இருக்கும் பார்கோடை ஒரு தடவை, மருந்தின் பார்கோடை ஒரு தடவை படிக்கவைக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. கேட்க எளிது. ஆனால் கைப்பட்டை சோறு பிசைந்த கையோடு நனையும், சுருங்கும். தூங்குகிறவரின் கை போர்வைக்குள் மடங்கிக் கிடக்கும். பதினாறு படுக்கைக்கு இரண்டு நர்ஸ். பன்னிரண்டரை மணி மருந்து ஒரு மணியைத் தாண்டினால் கணினி 'தாமதம்' என்று குறித்துக்கொள்ளும். தாமதக்காரர்களின் பெயர்ப் பட்டியல் திங்கள்தோறும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டப்படும்.

"மருந்து குடுக்கறதுக்கு மின்னாடி இந்த டப்பாவுக்கு ஒரு பூச போடோணுங்க்கா" என்பாள் கூட நிற்கும் தேஜஸ்ரீ. "இது நோயாளியப் பாக்குதா, நம்மளப் பாக்குதா?" என்று கேட்பாள் மூன்றாவது மாடி நர்ஸ் ஒருத்தி. வேல்விழிக்கு அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மனமில்லை. வந்த புதிதில் ஒரு தடவை, பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த இரண்டு குப்பிகளில் தவறானதை எடுத்தபோது அது சிவப்பு காட்டி அவளை நிறுத்தியிருக்கிறது.

அப்படியிருந்தும் அந்த அட்டையைக் கண்டுபிடித்தது அவள்தான்.

பேக்கிங்கில் அது வழக்கம். ஒரு பாலிபேக்கின் ஸ்டிக்கர் கசங்கி ஸ்கேனர் படிக்காமல் போனால், அதே நிறம், அதே அளவுள்ள வேறொரு நல்ல ஸ்டிக்கரை மேசையில் ஒட்டிவைத்து அதையே திரும்பத் திரும்பப் படிக்கவைப்பார்கள். நீலம், மீடியம் என்றால் ஐம்பது பீஸும் ஒன்றுதான். பெட்டி சரியாகவே போய்ச் சேரும். வேல்விழி ஒவ்வொரு நோயாளிக்கும் கைப்பட்டையின் பிரதி ஒன்றைக் கூடுதலாக அச்செடுத்தாள். படுக்கை எண் வரிசையில் ஒரு அட்டையில் ஒட்டினாள். நர்ஸ் மேசையருகே நின்றபடியே பதினாறு பேரையும் ஸ்கேன் செய்துவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரே நடையாக மருந்து கொடுத்து வந்துவிடலாம். அதற்கு 'பேக்கிங் லிஸ்ட்' என்று பெயர் வைத்தவள் தேஜஸ்ரீ. இரண்டே மாதத்தில் நான்கு மாடியிலும் ஆளுக்கொரு அட்டை. லிஃப்ட் பக்கத்துப் பட்டியல் காலியானது. நிர்வாகம் கேக் வெட்டியது.

ஊசி மாறிப்போன அன்று, வேல்விழி இரண்டு நாள் விடுப்பு முடிந்து வந்திருந்தாள். முகங்கள் புதிது. அட்டையில் ஆறுக்கு நேரே மூக்கம்மாள், சர்க்கரை நோய், காலில் புண். எட்டுக்கு நேரே ரங்காத்தாள், டைபாய்டு. ஏசிக் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது, குளிர் தாங்கவில்லை என்று ரங்காத்தாள் காலையில் சொல்ல, "நீங்க இங்கிட்டு வந்து படுங்க ஆச்சி, எனக்கு வெக்கைதான்" என்று மூக்கம்மாள் எழுந்து கொடுத்திருக்கிறார். இருவரும் மாறிப் படுத்துக்கொண்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"அம்மா, ஊசி" என்றாள் வேல்விழி.

"எத்தன ஊசிங் கண்ணு போடுவீங்க" என்று ரங்காத்தாள் காய்ச்சல் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார். பட்டை கட்டிய கை போர்வைக்குள் இருந்தது.

ஒன்றே முக்காலுக்கு ரங்காத்தாளின் மருமகள் வர்ஷினி ஓடி வந்தாள். "சிஸ்டர், அத்தைக்கு என்னமோ ஆகுதுங்க. ஒரே வேர்வைங்க, பேச்சுக் கொழறுதுங்க!"

சுகர் நாற்பத்தொன்று. டூட்டி டாக்டர் மகுடேஸ்வரன் வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். பத்து நிமிடத்தில் ரங்காத்தாள் கண் விழித்தார். "மத்தியானம் சாப்டாங்களா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க, ரெண்டு நாளா ஒண்ணுமே எறங்கல."

"அதுதான். இந்தப் பாட்டில் முடிஞ்சதும் எடுத்துரலாம்."

குளுக்கோஸ் ஊசியைச் சரிசெய்யக் கையைப் பிடித்தபோதுதான் வேல்விழி பட்டையைப் படித்தாள். ரங்காத்தாள், கணியூர். அட்டையில் ஆறுக்கு நேரே மூக்கம்மாள்; அவருக்கான இன்சுலின் இவருக்குப் போயிருக்கிறது.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தை அவளால் பிறகு யாரிடமும் சரியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு மணிக்கு டூட்டி முடிந்தது, அவள் போகவில்லை. பாட்டில் முடிந்தபோது இன்னொன்றைத் தானே மாட்டினாள். கால் மணிக்கொரு தடவை ரங்காத்தாளின் விரலில் குத்திச் சுகர் பார்த்து, எதிலும் எழுதாமல் மனதில் வைத்துக்கொண்டாள். வர்ஷினியிடம் ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக் கொடுக்கச் சொன்னாள். எண்பது, எழுபத்திரண்டு, தொண்ணூறு. திரையில் எல்லாம் பச்சை. அடுத்த மாதம் அவளை வார்டு இன்சார்ஜ் ஆக்குவதாகப் பேச்சு. வாயைத் திறக்காவிட்டால் காய்ச்சல்காரி சாப்பிடாமல் மயங்கினாள், தேறினாள், அவ்வளவுதான்.

"ஊட்டுக்குப் போகலீங்களாக்கா?" என்றாள் தேஜஸ்ரீ. "இன்சார்ஜ் நாற்காலிய இப்பவே பழகறீங்களாட்டங்குது."

வேல்விழி மறுபடி ரங்காத்தாளின் விரலைப் பிடித்தாள்.

மூன்றரை மணிக்கு டாக்டர் எட்டாம் படுக்கையருகே நின்றார். அங்கே மூக்கம்மாள் அப்பளத்தை நொறுக்கித் தின்றுகொண்டிருந்தார்.

"சுகர் முந்நூத்தி எழுபதா? மத்தியானம் பத்து யூனிட் போட்டும் எறங்கலையா?" திரையைப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பது, பச்சை. "இந்த டோஸ் இவங்களுக்குப் பத்தல. இனி வேளைக்குப் பதினாறு போட்ருங்க."

"நா காலையிலருந்து ஊசியே போடலயே டாக்டரு" என்றார் மூக்கம்மாள்.

"போட்டிருக்காங்க பாட்டி, மறந்துட்டீங்க. கம்ப்யூட்டர்ல இருக்கு."

மூக்கம்மாள் குழம்பிப்போய் வேல்விழியைப் பார்த்தார். "அப்படியாத்தா? போட்டியா?"

பதினாறு யூனிட் இந்தக் கிழவியை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். ஆறாம் படுக்கையில் மத்தியானம் பார்த்ததுதான்.

"போடல சார். அந்த ஊசிய ரங்காத்தாம்மாவுக்குப் போட்டுட்டேன்."

டாக்டர் ஒரு கணம்தான் நின்றார். பிறகு ஆறாம் படுக்கைக்கு ஓடினார். "எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"ரெண்டு மணியிலருந்து சார்."

அவர் சுகர் பார்க்கும் கருவிக்குக் கையை நீட்டினார். வைதிருந்தால் தேவலை.

ஐந்து மணிக்குத் தரக்கட்டுப்பாட்டு அலுவலர் சரவணக்குமார் அறைக்கு அழைத்தார். அந்த வாரம்தான் அவர் ஸ்கேனரைப் பற்றி நர்ஸ்களின் கருத்தைக் கேட்டு ஒரு படிவம் கொடுத்திருந்தார். எல்லாரும் 'மிகவும் பயனுள்ளது' என்று டிக் அடித்திருந்தார்கள். வேல்விழியும்தான்.

"பட்டை நனைஞ்சிருந்துச்சு, மெசின் தப்பாப் படிச்சிருச்சுன்னு எழுதிக் குடுங்க சிஸ்டர். மெசின் கோளாறுன்னு போயிரும். பதினோரு வருசம் இருந்திருக்கீங்க, நானும் பாக்கோணும்ல."

அவள் பேனாவை எடுத்து அட்டையைப் பற்றி எழுதினாள். தான் தொடங்கியது என்றும், எப்படிச் செய்தது என்றும் எழுதினாள். சரவணக்குமார் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தார்.

"மத்த மாடியிலயுமா?"

அங்கே பேனா நின்றது. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேஜஸ்ரீ நிற்பது தெரிந்தது.

"எல்லா மாடியிலயும் சார்" என்று சொல்லி, அதையும் எழுதினாள்.

"விசாரணை முடியற வரைக்கும் வார்டுல மருந்தத் தொடாதீங்க. அப்பறம், அந்தம்மா குடும்பத்துகிட்ட யாரும் ஒண்ணும் பேசக் கூடாது. நாங்க பேசிக்கறோம்."

வெளியே வந்ததும் தேஜஸ்ரீ கேட்டாள், "எங்களையும் சேத்தா எழுதுனீங்க?"

"ஆமா."

"நீங்க சொல்லித்தாங்க்கா நாங்க செஞ்சோம்." அவள் வழியைவிட்டு நகர்ந்தாள். "இனி நாலு மாடியும் உங்களத்தாங் கரிச்சுக் கொட்டும். நானுந்தான்."

வேல்விழி பையை எடுத்துக்கொண்டு படிவரை போனாள். கீழே இறங்காமல் திரும்பி ஆறாம் படுக்கைக்கு வந்தாள்.

ரங்காத்தாள் தலையணையில் சாய்ந்து வர்ஷினி ஊட்டிய கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார். "வா கண்ணு. இன்னும் போகலையா நீ? இந்தப் புள்ள இல்லீன்னா நா போய்ச் சேந்திருப்பேனுங்க்றா மருமக."

வேல்விழி நின்றபடியே சொன்னாள். மத்தியானம் போட்ட ஊசி அவருக்கானதல்ல என்றும், அதனால்தான் மயங்கினார் என்றும், தெரிந்த பிறகும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தான் சொல்லாமல் இருந்ததாகவும் சொன்னாள்.

ரங்காத்தாள் வாயிலிருந்த கஞ்சியை மெல்ல விழுங்கினார். தன் கையிலிருந்த பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதப் பாத்திருக்கலாமேங் கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

வர்ஷினி கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்திருந்தாள். போன் காதில் இருந்தது. "ஏனுங்க, எங்க இருக்கறீங்க? உடனே கெளம்பி வாங்க. உங்கண்ணனையும் கூட்டிட்டு வாங்க." பிறகு வேல்விழியைப் பார்த்து, "நீங்க எங்கயும் போயராதீங்க" என்றாள்.

"போகலங்க" என்றாள் வேல்விழி. உட்காரவில்லை. கணியூரிலிருந்து எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும்.