நோன்பு திறக்க ஒரு ஸ்டார்ட்டர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் சுல்தானுக்கும் ஒத்துவராமல் போனது. நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். கோவில்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் சேட்டை. பக்கத்து வீட்டு மாடத்தியின் ஆட்டை எட்டயபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டது யார் என்று தெருவுக்கே தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் அவன் உம்மா சைத்தூன் பீவிக்குக் காது அடைத்துப்போனது. நோன்பு மாதமும் வந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னால்தான் நோன்பு திறக்கலாம். அது அவளுக்குக் கேட்கவில்லை. மார்கழி மூட்டத்தில் பொழுது அடைவதும் தெரியவில்லை. யாராவது வந்து சொல்லும்வரை பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சொல்லவேண்டியவன் சுல்தான். அவனோ எங்காவது யார் சைக்கிளிலாவது காற்றைப் பிடுங்கிக்கொண்டிருப்பான்.

ஒருநாள் நன்றாக இருட்டிய பிறகு வந்தான். பழம் அவள் கையிலேயே இருந்தது.

"சொல்லிட்டாங்களாலே?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நேரத்துக்கு வீட்டுக்கு வரலாம் என்று வேறு எவனுக்கும் தோன்றியிருக்கும். சுல்தானுக்குத் தோன்றியது மிஷின்.

கிணற்று மோட்டாரிலிருந்து கழித்துப்போட்ட ஸ்டார்ட்டர் ஒன்று பட்டறையில் கிடந்தது. அதன் காயிலை வீட்டுக் கரண்டுக்குத் தக்கபடி மாற்றிச் சுற்றினான். வீட்டுக் கடிகாரத்தில் பாங்கு நேரத்துக்கு அலாரம் வைத்தான். அலாரம் அடிக்கும்போது கடிகாரத்தின் முதுகுச் சாவி சுழலுமே, அதில் ஒரு நூல். நூல் ஆணியை உருவும், ஆணி உருவினால் அதில் தொங்கும் எடைப் படிக்கல் பச்சைப் பொத்தானில் விழும், ஸ்டார்ட்டர் 'டடக்' என்று பிடித்துக்கொள்ளும், பல்பு எரியும். ஒரு தோட்டத்துக்கே தண்ணீர் இறைத்த ஸ்டார்ட்டர், ஒற்றைப் பல்புக்கு!

"வெளக்கு எரிஞ்சா பாங்கு சொல்லியாச்சுன்னு அர்த்தம், உம்மா!" என்று அவள் காதில் கத்தினான்.

"எனக்குக் கேட்டுச்சோ என்னமோ, மாடத்திக்குக் கேட்டிருக்கும்லே."

மறுநாள் சாயங்காலம் பெருமை பார்க்க மாடத்தியையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு வாசலில் நின்றான். உள்ளே டொக், டடக். விளக்கு எரிந்தது.

"பாத்தியளா அக்கா!"

"பாத்தேன். பாங்குச் சத்தம் எங்கலே?"

சத்தம் இல்லை. உள்ளே உம்மா பழத்தை வாய்க்குக் கொண்டுபோனாள். பகல் முழுக்கத் தண்ணீர்கூடத் தொடாமல் காத்த நோன்பு. கத்திப் பிரயோஜனமில்லை. ஒரே தாவலில் போய் அவள் கையைத் தட்டிவிட்டான். பழம் தெறித்து மூலையில் உருண்டது.

"பெத்தவ கையத் தட்டுதியே, கோட்டிக்காரப் பயலே!" என்று மாடத்தி கத்தினாள்.

"நேரம் ஆகல உம்மா! கடிகாரம் வெரசா ஓடுது!" என்று கடிகாரத்தைக் காட்டி அவள் காதில் கத்தினான்.

உம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது ஓடலலே. நாந்தான் முள்ளத் தள்ளி வச்சிருக்கேன். பட்டறைக்குப் பிந்திப் போயி ஏச்சு வாங்குதியே, அதுக்குத்தான்."

ஊரார் கடிகாரத்தையெல்லாம் திருப்பி விளையாடியவன் சொந்த வீட்டுக் கடிகாரத்தின் முன்னால் பேந்தப் பேந்த விழித்தான். அப்போதுதான் பாங்கு கேட்டது. உம்மா அவன் வாயையே பார்த்தாள். தலையை ஆட்டினான். வேறு பழம் எடுத்துக் கொடுத்தான்.

மிஷினைக் கழற்ற வறட்டுப் பெருமை விடவில்லை. கடிகாரத்தை மட்டும் எடுத்துவிட்டு, தினமும் பாங்கு சொன்னதும் கதவு மறைவில் நின்று பச்சைப் பொத்தானைத் தானே அமுக்கினான். உம்மாவுக்குத் தெரியாது என்று நினைப்பு.

"நேத்து ஓம் மிஷினுக்கு வேத்து ஊத்துச்சே," என்றாள் ஒருநாள், கஞ்சியை ஆற்றிக்கொண்டே. "ஓடி வந்துச்சோ?"