விரல் வைக்காமல் விழுந்த சுத்தி

வெர்னா கே என்கிறவள் எதற்கும் பயந்து யாரும் பார்த்ததில்லை. ஓக்லஹோமாவின் மேற்குக் கோடியில், மழை வந்தால் சிவப்புச் சேறாகிவிடும் பாதைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். இத்தனை வருஷத்தில் ஒரு சக்கரம்கூடப் பள்ளத்தில் இறங்கியதில்லை என்று அவளுடைய அண்ணன் ஹார்லன் கடைத்தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

கௌபாய் வேஷத்தில் இரும்புத் தகடுகளைச் சுடும் பந்தயத்துக்கு அவளைக் கூட்டிவந்தது புருஷன் லீலண்ட். அங்கே பழங்காலத்து உடுப்பு, பழங்காலத்து ரிவால்வர், ஆளுக்கொரு வேஷப்பெயர். அவள் தனக்கு ‘மூணாவது கியர்’ என்று வைத்துக்கொண்டாள். அந்த ரிவால்வரில் ஒவ்வொரு குண்டுக்கும் பின்பக்கத்துச் சுத்தியைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். பிறகு விசையைத் தொட்டால் வெடிக்கும். அவளுக்குச் சின்னக் கை. வலது கட்டைவிரல் சுத்திக்கு எட்டவில்லை. வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது கட்டைவிரலால் சுத்தியை இழுக்கப் பழகினாள். பிடி நகராது, குறி அசையாது. இரண்டாவது கோடையிலேயே ஆண்களில் பாதிப்பேரை முந்திவிட்டாள்.

துப்பாக்கியின் உள்வேலையையும் சமையலறை மேசையில் தானாகக் கற்றாள். சுத்தியின் அடியில் ஒரு சின்ன வெட்டு உண்டு. விசையின் நுனி அதில் போய் உட்கார்ந்தால்தான் இழுத்த சுத்தி நிற்கும். அந்த வெட்டில் அவள் அரம் வைக்கவே மாட்டாள். உரசும் இடத்தை மெருகேற்றுவாள், மெல்லிய ஸ்பிரிங் போடுவாள், அவ்வளவுதான். பந்தயக் கழகத்தில் நாலைந்து பேர் தங்கள் துப்பாக்கியை அவளிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்கினார்கள். அதில் ஒருவர் ஆர்வில் டாக்கெட். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தன் விசை இன்னும் லேசாக வேண்டும், இன்னும் லேசாக வேண்டும் என்று நச்சரித்து, அவள் தன் துப்பாக்கிக்கே போடாத மெல்லிய ஸ்பிரிங்கைப் போட வைத்தார்.

அக்டோபர் மாதப் பந்தயத்தில் இருவரும் மேசை முன்னால் அடுத்தடுத்து நின்று தோட்டா நிரப்பினார்கள். பாதுகாப்புக்காக ஆறு அறையில் ஐந்துக்குத்தான் தோட்டா. காலி அறைமேல் சுத்தி படிந்திருக்கிறதா என்று பார்ப்பது ஹார்லனின் வேலை.

“வெர்னா, உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்மா,” என்றார் ஆர்வில். “நேத்து வீட்ல வெறும் துப்பாக்கிய வச்சுப் பழகினேன். ரெண்டு தடவ நான் விசையத் தொடவே இல்ல, தானா விழுந்துச்சு. மனசுல நெனச்சாலே போதும்போல!”

“உங்க மனசு என்னைக்கு ஆர்வில் இவ்வளவு வேகமா ஓடுச்சு?” என்றான் ஹார்லன்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெர்னாவும் சிரிக்க வாயெடுத்தாள்.

தானா விழுந்துச்சு. அப்படியென்றால் சுத்தி வெட்டில் சரியாக உட்காரவில்லை.

அதற்குள் ஆர்வில் சுடும் இடத்துக்குப் போய்விட்டார். சுடச் சொல்லிக் கூவி நேரம் அளக்கும் டைமரைப் பிடித்துக்கொண்டு அவருடைய முழங்கையை ஒட்டி லீலண்ட் நின்றான். எப்போதும் அங்கேதான் நிற்பான்.

“நிறுத்துங்க!” என்று கத்தினாள். தெற்கிலிருந்து வீசிய காற்று சத்தத்தை அள்ளிக்கொண்டு போயிற்று. அங்கே இருவர் காதிலும் அடைப்பான். தன் முறை வராமல் நிரப்பிய துப்பாக்கியோடு மேசையைவிட்டு நகர்ந்தால் பந்தயத்திலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். துப்பாக்கி செருகிய இடுப்புக் கச்சையை அவிழ்த்து அண்ணன் முன்னால் வைத்துவிட்டு, நீளப் பாவாடையை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

டைமர் கூவியது. ஆர்வில் துப்பாக்கியை உருவிச் சுத்தியை இழுத்தார். அந்த நொடியில் லீலண்ட் அவளைப் பார்த்துவிட்டு அவர் தோளில் கை வைத்தான்.

“என்னப்பா? என்ன ஆச்சு?” ஆர்வில் தலையைத் திருப்பினார். தலையோடு தோளும், தோளோடு துப்பாக்கியும் திரும்பத் தொடங்கின. இழுத்த சுத்தி இழுத்தபடியே இருந்தது. குழாய் மெல்ல மெல்ல லீலண்டின் பூட்ஸ் பக்கம் வந்தது.

“ஆடாதீங்க ஆர்வில்!” அவர்களுக்குப் பின்னால் வந்து நின்று, காது அடைப்பானையும் மீறிக் கேட்கும்படி கத்தினாள். அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. “என்னப் பாக்காதீங்க. எதுத்தாப்ல மண்மேட்டப் பாருங்க. துப்பாக்கியும் அங்கயே பாக்கட்டும்.”

அவர் திரும்பினார். குழாய் மண்மேட்டுக்கு நேரே போயிற்று.

“விரல எடுங்க. முழுசா வெளிய நீட்டுங்க. லீலண்ட், நீ பின்னால வா.”

“நான் தொடவே இல்லம்மா, பாரு...” என்று ஆர்வில் விரலை நீட்டிக் காட்டினார்.

துப்பாக்கி வெடித்தது.

எதிரே இருந்த இரும்புத் தகடு எதுவும் ஒலிக்கவில்லை. மண்மேட்டில் செம்புழுதி எழுந்தது. ஆர்வில் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். லீலண்ட் அவள் முழங்கையைப் பிடித்தபோது அவனுடைய பூட்ஸைத்தான் முதலில் பார்த்தாள். ஓட்டை இல்லை. இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்தாள்.

மிச்சத் தோட்டாக்களை எடுத்த பிறகு, வெறும் துப்பாக்கியின் சுத்தியை மெதுவாக இழுத்துக் காட்டும்படி ஆர்விலிடம் சொன்னாள். அப்போதுதான் தெரிந்தது. சுத்தி பாதி வழியில் வரும்போதே அவருடைய விரல் விசையை அழுத்தத் தொடங்கிவிடுகிறது. வேகம் வேண்டி வந்த பழக்கம். விசையின் நுனி வெட்டில் மோதி மோதித் தேய்ந்துவிட்டது. தடுமாறுகிற நுனியைத் திருப்பித் தள்ளி உட்காரவைக்க அவள் போட்ட ஸ்பிரிங்குக்கு வலுவில்லை.

“அப்ப தப்பு என்மேலதான்,” என்றார் ஆர்வில்.

“பாதி. அந்த ஸ்பிரிங்க உங்களுக்குக் கொடுத்திருக்கவே கூடாது.”

பந்தயத்தை நிறுத்தச் சொன்னாள். தன் கை பட்ட துப்பாக்கிகளையெல்லாம் மேசைக்குக் கொண்டுவரச் சொன்னாள். ஒவ்வொன்றாகச் சுத்தியை இழுத்து நிறுத்தி, விசையைத் தொடாமல், பின்னாலிருந்து கட்டைவிரலால் அழுத்தினாள். ஹார்லனின் துப்பாக்கிதான் முதல். நின்றது. மற்றவையும் நின்றன. “உன் அண்ணனோடது நிக்காம விழுந்திருந்தா வம்ச மானமே போயிருக்கும்,” என்று யாரோ சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்று அவள் சுடவில்லை. அடுத்த வாரம் ஆர்விலின் துப்பாக்கியில் புது விசையும் கம்பெனி ஸ்பிரிங்கும் போட்டு, சமையலறையில் அவரை உட்காரவைத்து வெறும் துப்பாக்கியால் பழக்கினாள். சுத்தி முழுக்கப் பின்னால் வந்து நிற்கட்டும். அதன் பிறகுதான் விரல்.

“என்னம்மா, விசை பழைய டிராக்டர் மாதிரி இழுக்குது!”

“இழுக்கட்டும். திரும்பப் பண்ணுங்க.”

நவம்பர்ப் பந்தயத்தில் ஆர்வில் வேகத்தில் எல்லோருக்கும் கடைசியாக வந்தார். அவர் சுட்டபோது லீலண்ட் வழக்கம்போல அவர் முழங்கை அருகே டைமரோடு நின்றான். வெர்னா ஆர்விலின் கட்டைவிரலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சுத்தி வந்து நிற்கும் கிளிக், பிறகு வெடி, பிறகு தகட்டின் ஒலி. ஐந்தாவது தகடு ஒலித்தபோது, பேருந்து ஸ்டீயரிங்கைப் பிடிப்பதுபோல அவள் கம்பிவேலியை இறுகப் பிடித்திருந்தாள். விரல்களை அதிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது.