வெள்ளையாக்கித் தரச் சொன்ன வாட்ச்

புது வாட்ச் கட்டிக்கொண்டு என் எதிரில் வந்து உட்காருகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். தோல் விற்கிறவர், ஆர்டர் கொடுக்கிறவர், கொடுத்த ஆர்டரில் நொட்டை சொல்கிறவர் என்று தினமும் நாலு பேர் வருவார்கள். வந்ததும் முழங்கையை மேசையில் ஊன்றி, சட்டைக் கையை லேசாக மேலே இழுத்துவிடுவார்கள். உள்ளே இட்லித் தட்டு சைஸில் ஒரு வாட்ச். அதை நான் பார்க்க வேண்டுமாம். நான் ஃபைலையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருவர் பொறுக்கமாட்டாமல், "சார், இது லிமிடெட் எடிஷன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். "அப்படியா? மணி இன்னா காட்டுது?" என்றேன். அவர் சட்டைக் கையைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார்.

எங்கள் தொழிலில் ஒரு வேலை உண்டு. உண்ணி கடித்த தழும்பு, முள்வேலி கிழித்த கீறல் எல்லாம் உள்ள தோலை பஃபிங் மெஷினில் கொடுத்து மேல்முகத்தையே தேய்த்து எடுத்துவிடுவார்கள். பிறகு பெயிண்ட் அடித்து, அதன்மேல் பொய்யாக ரேகை அழுத்துவார்கள். நூறு தோலும் ஒரே மாதிரி பளபளக்கும். இன்றைக்கு லட்சக்கணக்கில் விற்கிற வாட்சுகள் எனக்கு அந்தத் தோல் மாதிரிதான். பழைய ஸ்விஸ் வாட்ச் வேறு ஜாதி. சின்னதாக, கையோடு கையாகக் கிடக்கும். காலையில் நாம் சாவி கொடுத்தால்தான் ஓடும். கேஸில் இருக்கும் கீறலை வைத்தே முதல் சொந்தக்காரர் எந்தக் கையால் கதவைத் தள்ளுவார் என்று சொல்லிவிடலாம். அதைப் பாலிஷ் போடுகிறவனை ஜெயிலில் போட வேண்டும் என்பது என் கட்சி.

அப்படி என்னிடம் பதினொன்று இருக்கின்றன. என் மனைவி அவற்றைப் "பதினோரு சக்களத்திங்க" என்பாள்.

பன்னிரண்டாவது என்னுடையதல்ல, என் நைனாவுடையது. அவர் முப்பது வருடம் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், சுண்ணாம்பு யார்டில் மேஸ்திரி. பச்சைத் தோலில் முடி கழல்வதற்காகச் சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தொட்டியில் ஊறப்போடும் இடம் அது. அழுகிய முட்டை நாற்றம் எட்டு மணி நேரமும் மூக்கில் ஏறும். ஒருமுறை ஒரு பெரிய லாட் தோலை அளவுக்கு மீறி ஊறப்போட்டுவிட்டார்கள். நைனா தடவிப் பார்த்தே கண்டுபிடித்து, அதைக் காப்பாற்றினார். வந்திருந்த வெளிநாட்டு வியாபாரி தன் கையில் இருந்த வாட்சைக் கழற்றி அவர் கையில் கட்டிவிட்டுப் போனார். தங்க முலாம் பூசிய கேஸ், வெள்ளி முகப்பு. முழங்கை வரை நனைகிற வேலை என்பதால், நைனா தினமும் வேலைக்கு இறங்கும்முன் அதை யார்டின் சுவரில் ஆணியில் மாட்டிவிடுவார்.

எங்கள் ஊரில் தோல் ஷாப்பு ஓரமாகக் குடியிருக்கும் எந்தப் பெண்ணின் கொலுசும் வெள்ளையாக இருக்காது. காற்று பட்டே கறுத்துவிடும். வெள்ளி முகப்பு மட்டும் தப்புமா? அவர் ரிட்டயர் ஆகும்போது அது பழுத்து, முற்றிய புளியின் நிறத்துக்கு வந்திருந்தது. பழைய வாட்ச் சேர்க்கிறவர்கள் இந்தப் பழுப்புக்கு உயிரையே விடுவார்கள். எங்கள் வாட்ஸப் குழுவில் நான் அதன் போட்டோவைப் போட்ட அன்று ஒரே அமர்க்களம். "இந்தக் கலர் எந்தக் கம்பெனியாலயும் கொடுக்க முடியாது பிரதர்" என்று ஒருவர். "காலம் போட்ட கையெழுத்து" என்று இன்னொருவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் நைனாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அவர் கட்டிலில் சாய்ந்து, யார்டில் பிடித்த இளைப்புக்கான இன்ஹேலரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முகம் இறுகிக்கொண்டே போனது.

"அது கலர் இல்லடா. நாத்தம்," என்றார்.

என் மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு வேலூர். அப்பா, அம்மா இரண்டு பேரும் வாத்தியார்கள். நாள் நெருங்கும்போது நைனா என்னைக் கூப்பிட்டார்.

"அந்த வாட்ச வெள்ளையாக்கிக் குடு. கல்யாணத்துக்குக் கட்டிக்கணும்."

"அப்படியே கட்டிக்க நைனா. அதுதான் அதுக்கு அழகு."

"எனக்கு உன் அழகு வாணாம். எனக்குக் கண்ணாலத்துக்குப் பொண்ணு பார்க்கப் போன ரெண்டு வூட்ல, நான் உட்கார்ந்த பாயத் தூக்கி வெயில்ல போட்டாங்க. எங்க ஆயா சொல்லித்தான் எனக்கே தெரியும். இப்ப வாத்தியார் வூட்டு ஆளுங்க முன்னால அந்தச் சுண்ணாம்பு யார்டயே கையில கட்டிக்கினு நிக்கச் சொல்றியா?"

நான் அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். முகப்பைச் சுத்தம் செய்தால் எழுத்து போய்விடும், மதிப்பு போய்விடும், ஒரிஜினல் என்பதே போய்விடும் என்று அரைமணி நேரம் வகுப்பு எடுத்தேன். கடைசியில், வெட்கமில்லாமல், "வேணும்னா கடையில புதுசு ஒண்ணு வாங்கித் தர்றேன். ஜம்முனு இருக்கும்" என்றேன்.

நைனா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்குன்னா பழசு, எனக்குன்னா புதுசா? எவன் எவன் கட்டிக் கழட்டினதையோ கண்ணுல ஒத்திக்கிற. நான் கட்டினது எனக்கில்லியா? போடா பேமானி."

மூன்று நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் வாட்சை என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஆம், பூட்டினேன். சொந்த அப்பாவின் பொருளைப் பூட்டி வைத்துவிட்டு, அதைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாவி இருக்கும் இடம் என் மனைவிக்குத் தெரியும். மாமனார் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

நான் கம்பெனியில் இருந்த நேரம் நைனா ஆட்டோ பிடித்து பஜாருக்குப் போயிருக்கிறார். வாட்ச் ரிப்பேர்க்காரர், "இத தொட மாட்டேன் பெரியவரே" என்றிருக்கிறார். "முகப்ப மட்டும் கழட்டிக் குடு, மீதிய நான் பார்த்துக்கறேன்" என்று வாங்கி வந்துவிட்டார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கொலுசு, மெட்டி எல்லாவற்றுக்கும் நடக்கிற வைத்தியம்தான் அதற்கும் நடந்தது. பல்பொடி, ஈரத்துணி, கட்டைவிரல். பிறகு திரும்பப் போய் முகப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சாயங்காலம் நான் வந்தபோது அதைத் துண்டின்மேல் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மணிக்கு ஒன்றாக ஒட்டியிருந்த தங்கக் குச்சிகளும் முட்களும் மட்டும் இருந்தன. கம்பெனி பெயர், நிமிடக் கோடுகள், அடியில் இருந்த சின்ன எழுத்துகள் எதுவுமே இல்லை. வெறும் வெள்ளை.

நான் கத்தினேன். தெருவே கேட்கும்படி கத்தினேன். "அறிவிருக்கா உனக்கு? உலகத்துல எங்க தேடினாலும் இப்படி ஒண்ணு கிடைக்குமா? எல்லாத்தையும் நாசமாக்கிட்டியே!" என்று இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கை கூசுகிறது. என் மனைவி நடுவில் வந்து, "மாமாவுக்கு மூச்சு வாங்குது, உங்க கண்ணுல படலியா?" என்று என்னைவிடப் பெரிதாகக் கத்தினாள்.

அப்போதுதான் பார்த்தேன். நைனா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்க இழுத்துக்கொண்டிருந்தார். இன்ஹேலரை வாயில் வைத்து இரண்டுமுறை அழுத்தினேன். நெஞ்சுக்குள் பழைய கதவு மாதிரி ஒரு சத்தம். அது அடங்க வெகுநேரம் ஆனது. பேச்சு வந்ததும், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நெஞ்சுக்குள்ள இருக்கிறத எவனாலயும் தேய்க்க முடியலடா. டாக்டராலயும் முடியல. இது கைக்கு எட்டுச்சு. தேச்சேன்."

இத்தனை வருடமாக எதை அழகு என்று ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது, என்மேலேயே அருவருப்பாக இருந்தது. குழுவில் அந்தப் போட்டோவுக்கு விழுந்த கைதட்டல்களும் நினைவுக்கு வந்தன. அத்தனை பேரையும் வரிசையாக நிற்கவைத்துத் திட்ட வேண்டும் போலிருந்தது, முதல் ஆளாக என்னை.

வாட்சை எடுத்து, சாவி கொடுத்து, அவர் கையில் கட்டினேன். வார் கடைசி ஓட்டையில் மாட்டியும் வாட்ச் மணிக்கட்டைச் சுற்றிக் கீழே தொங்கியது. அவர் கை இவ்வளவு வற்றிப்போனதை நான் கவனிக்கவே இல்லை. கம்பெனிப் பையில் இருந்த பஞ்ச்சை எடுத்து, வாரில் இன்னும் இரண்டு ஓட்டை போட்டேன். மாட்டிப் பார்த்தேன். அப்போதும் தொங்கியது. மூன்றாவது ஓட்டை போட்டேன்.