இலவசமாகப் போகப்போகும் கேமை விற்கலாமா

1. நாற்பத்தொன்பது ரூபாய்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே 499 ரூபாய் கேமை 49 ரூபாய்க்கு விற்றவள் நான். கடைசி ஒன்பதை அடிக்காமல் விட்டுவிட்டேன்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தேன். பொம்மை, ஜாடி, கரண்ட் கம்பத்துப் பீங்கான் எல்லாவற்றுக்கும் டீலர் விலைப்பட்டியல் தயார் செய்வதும், வெளியூர் பார்ட்டிகளுக்கு இங்கிலீஷில் லெட்டர் போடுவதும் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. என் மகளோடு படித்த மேரி, ஜங்ஷன் ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப் மாடியில் கேம் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தாள். என்னை அக்கா என்றே கூப்பிட்டுப் பழகியவள். "வெலை, ஸ்டோரு, மெயிலு இதெல்லாம் பாத்துக்க ஒரு ஆளு வேணும்க்கா. நீங்க வாங்க" என்றாள். எனக்கு கேம் விளையாடத் தெரியாதே என்றேன். "எனக்கு விக்கத் தெரியாது. சரியாப் போச்சு" என்றாள்.

கம்பெனி என்றால் மூன்று பேர்தான். மேரி புரோகிராம் எழுதுவாள். கதிர் படம் வரைவார்; இரண்டு பிள்ளைகளின் அப்பா, தினமும் பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் வருவார். மூன்றாவது ஆள் நான். எங்களிடம் இருந்ததும் ஒரே கேம். ரயில் யார்டில் கலைந்து கிடக்கும் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளி, சரியான வரிசையில் வண்டியாகக் கோக்க வேண்டும். கம்ப்யூட்டரில் விளையாடுவது; ஒவ்வொரு லெவலும் ஒரு ஊர் ஸ்டேஷன். இதை மூன்று ஆன்லைன் ஸ்டோர்களில் விற்றோம். பாதிக்கு மேல் வியாபாரம் ஒரே ஸ்டோரில் நடந்தது. அதைப் பெரிய ஸ்டோர் என்றே சொல்லிக்கொள்வோம்.

நான் தப்பாக விலை போட்டது மூன்றிலும் சின்ன ஸ்டோரில். ஆனால் மெயில் வந்தது பெரிய ஸ்டோரிலிருந்து. அவர்கள் விதி இது: வேறு கடையில் எங்களைவிடக் குறைத்து விற்கக் கூடாது. தள்ளுபடி போட்டால் எங்களுக்கும் அதே தள்ளுபடி தர வேண்டும். மூன்று நாளில் விளக்கம் தராவிட்டால் அடுத்த விழாக்காலத் தள்ளுபடியில் உங்களுக்கு இடம் கிடையாது.

பழைய கம்பெனியில் இப்படி ஏதாவது ஆனால் அச்சகத்தின் மேல் பழி போட்டு லெட்டர் அடிப்போம். அதே பழக்கத்தில், சின்ன ஸ்டோரின் தொழில்நுட்பக் கோளாறு என்று ஒரு பதில் எழுதி மேரியிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்கக்கா. ஆனா அவங்க மேல தப்பு இல்லியே. புதுசா வந்தவங்க ஒரு நம்பரை விட்டுட்டாங்க, சரி பண்ணிட்டோம்னு எழுதுங்க."

"நாப்பத்தொம்பது ரூபாய்க்கு வாங்குனவங்களுக்கு என்னா பண்றது?"

"அவங்க போட்டிருந்த வெலைக்குத்தான வாங்குனாங்க. அது அவங்களுது."

உள்ளபடி எழுதினேன். பெரிய ஸ்டோர் ஒரே வரியில் ஏற்றுக்கொண்டது. தப்பு செய்த என்னை மேரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் நானாகவே ஒரு நோட்டுப் போட்டு, எந்த ஸ்டோரில் என்ன விதி என்று எழுத ஆரம்பித்தேன்.

2. வாரம் ஒரு இலவசம்

அடுத்த வருஷம் எங்கள் இரண்டாவது ஸ்டோரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. பெரிய ஸ்டோருக்குப் போட்டியாக வளர நினைத்த கடை அது. வாரம் ஒரு கேமை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பார்கள். அந்த ஒரு வாரத்துக்குள் எடுத்துக்கொண்டால் அது எப்போதும் உங்களுடையது. அதற்காகக் கூட்டம் வந்து கணக்குத் திறக்கும். கேம் செய்தவர்களுக்கு ஸ்டோரே மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிடும். அப்படி ஒரு வாரத்துக்கு எங்கள் கேமைக் கேட்டார்கள்.

ஒப்பந்தத்தை மூன்று தடவை படித்தேன். பெரிய ஸ்டோரின் விதியையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் இலவசமாகக் கொடுப்பதை விலைக்குறைப்பாக அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பக்கம் சிக்கல் இல்லை. சிக்கல் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களில் இருந்தது. ஸ்டோர் அறிவிக்கும் வரை விஷயத்தை யாரிடமும் சொல்லக் கூடாது; சொன்னால் ஒப்பந்தம் ரத்து. தொகை, இலவச வாரம் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் வரும்.

மேரி கையெழுத்துப் போட்டாள். கதிர் அன்று எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கி வந்தார்.

தேதி வந்தபோதுதான் நான் காலண்டரைப் பார்த்தேன். பெரிய ஸ்டோரின் விழாக்காலத் தள்ளுபடி முடிந்து மூன்றாம் நாள் எங்கள் இலவச வாரம் ஆரம்பிக்கிறது. விழாக்காலத் தள்ளுபடி எங்களுக்கு அறுவடை மாதிரி. வருஷம் முழுக்க விற்பதில் கிட்டத்தட்ட பாதி அந்தப் பதினைந்து நாளில் விற்கும். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். முதலில் பாதி விலைக்கு விற்றுக்கொள்ளலாம், பிறகு இலவசத் தொகையும் வரும்.

காலண்டரை மேரியிடம் காட்டினேன்.

"அக்கா, தள்ளுபடியில நம்ம பேரை எடுத்துடுங்க."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"மூணு நாள்ல ஓசியில தரப்போறோம்னு நமக்குத் தெரியும். வாங்குறவங்களுக்குத் தெரியாது. அவங்ககிட்ட இருநூத்தம்பது ரூபா எப்படிக்கா வாங்குறது?"

"சொல்லவும் கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்குதே."

"சொல்லக் கூடாதுன்னுதான் இருக்குது. வித்தே ஆகணும்னு இல்ல."

இலவச ஸ்டோரின் அதிகாரி சென்னைக்காரர். தேதியை உறுதி செய்யப் போன் செய்தவரிடம் மேரி இதைச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நாங்களும் கேட்டோம்.

"மேடம், எல்லாரும் பண்றதுதான் இது. ரெண்டு பக்கமும் லாபம் பாருங்க. யாரும் உங்களக் கேள்வி கேக்கப் போறதில்ல."

"தேதியை முன்னாடி கொண்டார முடியுமா சார்?"

"சான்ஸே இல்ல மேடம். ஷெட்யூல் லாக் ஆயிடுச்சு."

"அப்ப நாங்க தள்ளுபடியில சேரல. உங்க ஒப்பந்தத்துல அதுக்குத் தடை இருக்குதா?"

அவர், "தடை இல்ல. ஆனா இப்படி ஒருத்தங்க கேட்டு நான் பாத்ததில்ல" என்றார்.

நான் விடவில்லை. தள்ளுபடியில் வரும் பணத்தில்தான் அடுத்த சில மாதச் சம்பளம் என்று மேரிக்கு எடுத்துச் சொன்னேன். அவள் எங்கள் இருவரையும் உட்கார வைத்தாள். "மூணு மாசம் பாதிச் சம்பளந்தான் குடுக்க முடியும். நான் வெளியில வெப்சைட் வேலை எடுத்துச் செய்யறேன். இதுல கஷ்டம்னா வேற எடம் பாத்துக்குங்க, நான் மனசுல வச்சிக்க மாட்டேன்" என்றாள். கதிர், "ஸ்கூலு பீசு ஜூன்லதாங்க, அதுக்குள்ள வந்துடும் இல்ல" என்று மட்டும் கேட்டார். நான் என் மகளிடம் இதைச் சொன்னபோது, "உனக்குப் பைத்தியமா, அவளுக்கா?" என்றாள். ஆனாலும் மறுநாள் வேலைக்குப் போனேன்.

பெரிய ஸ்டோரின் பக்கத்தில் எங்கள் பெயரை எடுத்தேன். விலை 499 அப்படியே நின்றது. தள்ளுபடி எப்போது என்று கேட்டு மெயில்கள் வந்தன. மேரி எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொல்லச் சொன்னாள்: இந்தத் தடவை தள்ளுபடி இல்லை, டெமோவில் முதல் பத்து லெவல் இலவசம், இப்போதைக்கு அதை விளையாடுங்கள். அந்தப் பதினைந்து நாளில் விற்றதை விரல்விட்டு எண்ணலாம்.

3. குவைத்திலிருந்து வந்த மெயில்

இலவச வாரம் ஆரம்பித்த அன்று மத்தியானத்துக்குள் எடுத்துக்கொண்டவர்கள் லட்சத்தைத் தாண்டினார்கள். கதிர் கணக்குப் பக்கத்தை மறுபடி மறுபடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தள்ளுபடியில் சேராததால் வசவு குறைந்தது. ஆனால் அடியோடு நிற்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு முழு விலை கொடுத்து வாங்கியவர்களும் இருந்தார்களே. குவைத்தில் வெல்டராக இருந்த ஒருவர் தமிழில் எழுதியிருந்தார். "போன மாசம்தான் வாங்கினேன். இப்போ ஊருக்கே சும்மா தர்றீங்க. காசு குடுத்து வாங்குனவன் இளிச்சவாயனா?"

பணத்தைத் திருப்பித் தரவும் வழியில்லை. பெரிய ஸ்டோரின் விதிப்படி வாங்கி இரண்டு வாரத்துக்குள் கேட்டால்தான் ரீஃபண்ட்; இவர்கள் வாங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. சரி, காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் கூடுதலாகப் பத்து லெவல் செய்து தரலாம் என்றாள் மேரி. நான் நோட்டைப் புரட்டினேன். அதற்கும் விதி இருந்தது. ஒரு ஸ்டோரில் தரும் சரக்கு எல்லா ஸ்டோரிலும் அப்படியே இருக்க வேண்டும்.

"அதுவும் முடியாது மேரி" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

மறுநாள் காலையில் வந்ததும் கேட்டாள்: "லெவலு எல்லாருக்கும் ஒன்னாத்தான் இருக்கணும். அதுல யாரோட ஸ்டேஷன் வரணும்னு எதாவது விதி இருக்குதா?"

நோட்டில் அப்படி ஒன்று இல்லை.

காசு கொடுத்து வாங்கிவிட்டு எங்களுக்கு எழுதிய ஒவ்வொருவருக்கும் அவள் தன் கையால் பதில் எழுதினாள். நீங்கள் கோபப்படுவது நியாயம். பணம் திருப்பித் தர எங்களால் முடியவில்லை. புதிதாகப் பத்து லெவல் செய்கிறோம். அது எல்லோருக்கும் போகும், ஆனால் எந்த ஊர் ஸ்டேஷன்கள் என்பதை முதலில் எங்களை நம்பி வாங்கியவர்கள் சொல்லுங்கள். அவ்வளவுதான் கடிதம்.

பதில்கள் வந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. போலந்திலிருந்து ஒரு பெண் தன் ஊர் ஸ்டேஷனின் பழைய வரைபடத்தையே ஸ்கேன் செய்து அனுப்பினாள். குவைத்காரர் இரண்டு நாள் கழித்து எழுதினார். "பெண்ணாடம் பக்கம் எங்க ஊரு ஒரு சின்ன ஹால்ட்டு. அங்க எக்ஸ்பிரஸ் நிக்கறது இல்ல. உங்க கேம்ல நிக்க வைங்க."

கதிர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஹால்ட்டுக்கே போய், பிளாட்பாரத்தையும் அதன் ஒரே புளியமரத்தையும் பார்த்து வரைந்துகொண்டு வந்தார். அந்த லெவலை முடித்தால் ஒரு எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும். குவைத்காரர் போட்ட ரிவியூவில் ஒரே வரி இருந்தது: "அம்மாவுக்கு வீடியோ கால்ல காட்டினேன்."

தொகை சொன்ன மாதத்தில் வந்தது. மீதிப் பாதிச் சம்பளத்தையும் மேரி சேர்த்துக் கொடுத்தாள். கதிர் கேட்ட பீஸ் ஜூனுக்குள் கட்டியாயிற்று.

4. ஒரு போன்

மேரி பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்த சமயம், சின்ன ஸ்டோரிலிருந்து ஒருவர் எனக்குப் போன் செய்தார். அடுத்த மாதம் பெரிய தள்ளுபடி வருகிறது, இப்போதே விலையை 799 ஆக்குங்கள், அப்புறம் பாதி விலை என்று போட்டால் 399 ஆகும், ஜனங்களுக்குப் பெரிதாகத் தெரியும் என்றார். அவர்கள் விதியில் அதற்கு இடமும் இருந்தது. நான் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

"வேணாங்க. 499-லயே இருக்கட்டும். அதுல எவ்வளவு கொறைக்க முடியுமோ அதைச் சொல்றோம்" என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் குழந்தையைப் பார்க்கப் போனபோது, அவளைக் கேட்காமல் முடிவு எடுத்துவிட்ட தயக்கத்தில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். மேரி குழந்தையின் தலைக்குத் துணியைச் சரி செய்துகொண்டே கேட்டாள்.

"சரி. இதுல என்னைக் கேக்க என்னாக்கா இருக்குது?"

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் ஸ்டோர் விதிகளைக் கேட்டு வருகிறார்கள். நோட்டைக் கொடுத்துவிடுகிறேன். எதைச் செய்யக் கூடாது என்று அதில் எல்லாம் இருக்கிறது. எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு, கேமை வாங்குகிறவர் எதிரில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்து விலை போடுங்கள் என்கிறேன். எனக்கு அதைக் கற்றுக்கொள்ள ஐம்பத்தெட்டு வயதுக்கு மேல் ஆயிற்று.