மைனஸ் எண்பதில் போட்ட துண்டு

எங்கள் ஆய்வகத்தில் மைனஸ் எண்பது டிகிரியில் ஓடும் ஒரு ஃபிரீசர் இருக்கிறது. ஆளுயரம், பீரோ அகலம். அது ஓடும்போது பக்கத்தில் நின்று போன் பேச முடியாது. ரத்தம், திசு, கிருமி என்று கெட்டுப்போகக்கூடிய எதையும் வருஷக்கணக்கில் கெடாமல் வைத்திருப்பதற்காக வாங்கியது. நான் உயிர்வேதியியல் சொல்லித்தரும் கல்லூரி தாம்பரத்திலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி இருக்கிறது. அந்த ஃபிரீசருக்கு நான்தான் பொறுப்பு. பொறுப்பு என்றால், சாவி என் மேசை டிராயரில் இருக்கும், அவ்வளவுதான்.

சில வருஷங்களுக்கு முன்பு, கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்றார்கள். அவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒன்று, உங்கள் ஆய்வு வசதிகளைப் பிற கல்லூரிகளோடு பகிர்ந்துகொள்கிறீர்களா என்பது. அதற்கு மதிப்பெண் உண்டு. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், அந்த ஷேரிங் நெட்வொர்க் ஒண்ணு ஆரம்பிச்சிடுங்களேன்" என்றார், கேன்டீனில் டீ சொல்வது மாதிரி.

ஆரம்பித்தேன். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை, எங்களையும் சேர்த்து ஆறு கல்லூரிகளின் வலையம். ஒருத்தரிடம் இல்லாத கருவியை இன்னொருத்தரிடம் போய்ப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது திட்டம். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அது. முதல் கூட்டத்தில் தேர்மேல் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினோம். அகர வரிசை என்றார் ஒருவர். கல்லூரி தொடங்கிய ஆண்டு வரிசை என்றார் இன்னொருவர்; அவர் கல்லூரிதான் பழையது. பிறகு சின்னம். ஆறு கைகள் சேர்ந்து ஒரு சோதனைக் குழாயைப் பிடித்திருப்பது போல வரைந்தார்கள். எல்லாக் கையும் இறுகப் பிடித்திருந்ததே தவிர, எந்தக் கையும் எதையும் கொடுப்பதாகத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று நானும் தலையாட்டினேன். சாப்பாடு வந்தது.

அடுத்த வேலை, யாரிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியல். கருவியின் பெயருக்குப் பக்கத்தில், எவ்வளவு சதவீதம் பயன்பாட்டில் இருக்கிறது என்று ஒரு கட்டம். ஆறு கல்லூரிகளில் ஐந்தில் மைனஸ் எண்பது ஃபிரீசர் இருந்தது. ஐந்தும் நூறு சதவீதம். நானும் நூறு என்றே போட்டேன், எழுந்து போய்த் திறந்து பார்க்காமல். வேறு எப்படி எழுத முடியும்? ஃபிரீசரில் இடமிருக்கிறது என்று பட்டியலில் எழுதுவது, வீட்டில் ஒரு ரூம் சும்மாதான் கிடக்கிறது என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்குச் சமம்.

படிவத்தை நான்தான் வடிவமைத்தேன். இப்போதும் எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆய்வு வழிகாட்டி, துறைத் தலைவர், அந்தக் கல்லூரி முதல்வர், கருவி வைத்திருக்கும் கல்லூரியின் முதல்வர் என நான்கு கையெழுத்து. ஏழு வேலை நாட்களுக்கு முன்பே தர வேண்டும். சந்தேகம் இருந்தால் கேட்க, கீழே ஒருங்கிணைப்பாளரான என் போன் நம்பர். இரண்டு வருஷத்தில் அந்தப் படிவத்தை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. வலையம் எந்தப் புகாருமின்றி இயங்கி வருகிறது என்று ஆண்டறிக்கையில் எழுதினேன்.

அப்புறம் ஒரு மழைக்காலம். எங்கள் பக்கம் மழை என்றால் தெரியும். முடிச்சூர்ப் பக்கம் முழங்கால் தண்ணீர், சுரங்கப்பாதையில் இடுப்புத் தண்ணீர். கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மின்சாரம் எங்கள் தெருவில் இருந்தது. காலை ஏழரைக்கு, காபி கையில் இருக்கும்போது, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"மேடம், நெட்வொர்க் ஃபார்ம்ல உங்க நம்பர் இருந்துச்சு. நான் கேளம்பாக்கத்துல இருக்கிற காலேஜ்ல ரிசர்ச் ஸ்காலர் மேடம்."

அவள் கல்லூரியில் முந்தின நாள் சாயங்காலமே மின்சாரம் போயிருக்கிறது. ஜெனரேட்டர் கீழ்த்தளத்தில், தண்ணீருக்குள். ஃபிரீசருக்குள் இருப்பது அவளுடைய மூன்று வருஷம். கழிமுகத்தில் மாதாமாதம் பிடித்த மடவை மீன்களின் ரத்தம், சின்னச் சின்னக் குழாய்களில், மாதத்துக்கு ஒரு பெட்டியாக முப்பத்தாறு பெட்டி. கழிவுநீர் கலப்பதால் மீனுக்கு என்ன ஆகிறது என்பது ஆய்வு. பாதிக்கு மேல் இன்னும் பரிசோதிக்கவே ஆரம்பிக்கவில்லை. உருகினால் எல்லாம் போச்சு.

"கதவத் தொறக்கவே இல்ல மேடம். பேட்டரில ஓடற டிஸ்ப்ளே இப்ப மைனஸ் அம்பத்தஞ்சு காட்டுது. ஏறிக்கிட்டே இருக்கு. ஃபார்ம் ஃபில் பண்ணிட்டேன், கையெழுத்துதான் வாங்க முடியல. கைடு டெல்லில இருக்காரு. உங்க ஃபிரீசர்ல ரெண்டு தட்டு இடம் இருக்குமா மேடம்?"

"இல்லம்மா, எங்களுது ஃபுல்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. எப்படி இருக்கீங்க என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்போமே, அப்படி வந்தது. "ஆனா மத்தவங்ககிட்ட கேக்கறேன். நீ கவலைப்படாதே."

நிஜமாகவே கேட்டேன். அடாத மழையில் ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்கே போய் உட்கார்ந்து கேட்டேன். எங்கள் கல்லூரியையும் அவள் கல்லூரியையும் கழித்தால் ஃபிரீசர் உள்ளவை மூன்று. முதல் கல்லூரிப் பேராசிரியர்தான் வலையத்தின் செயலாளர். "கண்டிப்பா மேடம், இதுக்குத்தானே நெட்வொர்க்" என்றவர், முதல்வர் கையெழுத்தோடு லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேட்டார். எங்கள் முதல்வரை வீட்டிலிருந்து வரவழைத்து, கடிதம் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புவதற்குள் பத்தரை. பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. இரண்டாவது கல்லூரியில், எள்ளுப் போட இடமில்லை என்றார்கள். மூன்றாவது கல்லூரி ஆசாமி பன்னிரண்டு மணிக்குத்தான் போனை எடுத்தார். "மேடம், உங்ககிட்ட என்ன ஒளிவு மறைவு? அது ஓடியே ஒரு வருஷம் ஆச்சு. இன்ஸ்பெக்ஷனுக்காக டிஸ்ப்ளே மட்டும் எரிய விட்டிருக்கோம்."

நடுநடுவே அந்தப் பெண் டிஸ்ப்ளேவைப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். மைனஸ் நாற்பத்தொன்பது. மைனஸ் நாற்பத்திரண்டு. மைனஸ் முப்பத்தாறு. கூட ஒரு வார்த்தை இல்லை. அந்த மூன்று பேர்மீதும் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மனுஷங்களா இவங்க என்று முதல்வரிடம் வாய்விட்டே சொன்னேன்.

ஒன்றரை மணிக்குச் செயலாளர் திரும்பக் கூப்பிட்டார். அவர் குழு பரிசீலித்துவிட்டதாம், இடமில்லையாம். "ஃபிரீசர் எல்லாமே ஃபுல்லுன்னு மினிட்ஸ்ல ரெக்கார்டு பண்ணிடலாம் மேடம். நாளைக்கு யாரும் கேள்வி கேக்கக் கூடாது பாருங்க. உங்களுதையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க."

டிராயரிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தேன். உள்ளே வெள்ளையாகப் புகை. நான்கு தட்டிலும் நெருக்கமாக அட்டைப் பெட்டிகள், ஓரமெல்லாம் உறைபனி. பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. கதவு ஒரு கையில், போன் ஒரு கையில். போட்டோவுக்காகப் பின்னால் நகர்ந்தபோது துப்பட்டா மாட்டி, ஓரத்துப் பெட்டி ஒன்று கீழே விழுந்து மூடி திறந்துகொண்டது. பதறிக் குனிந்தேன். பெட்டிக்குள் ஒன்றும் இல்லை.

அடுத்த பெட்டியை எடுத்தேன். கனமே இல்லை. அதற்கடுத்ததும் அப்படியே. கையுறை மாட்டிக்கொண்டு வரிசையாக எடுத்துக் குலுக்கினேன். பெஞ்சின்மேல் காலிப் பெட்டிகள் குவிந்தன. பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம் இல்லையா, அதையே முனைவர் பட்டம் வாங்கியவர்கள் அட்டைப் பெட்டியால் செய்திருந்தார்கள். துண்டு போட்டவர்களில் பாதிப் பேர் ரிட்டையர் ஆகிவிட்டார்கள். துண்டு மட்டும் மைனஸ் எண்பதில் கெடாமல் இருந்தது.

இரண்டாவது தட்டு முழுக்க ஒரே கையெழுத்து. என்னுடையது. பொறுப்பேற்ற வாரத்தில், வரப்போகும் ஒரு ப்ராஜெக்டுக்காக நானே அடுக்கியவை. அந்த ப்ராஜெக்ட் வரவில்லை. பெட்டிகளை நான் மறந்தே போனேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவளாவது தனக்காக அலைந்தாள். நான் காலை ஏழரையிலிருந்து அடுத்தவள் வெண்ணெயை வெயிலில் வைத்துவிட்டு அலைந்திருக்கிறேன்.

உடனே போன் செய்தேன். "இடம் இருக்கும்மா, எங்க காலேஜுக்குக் கிளம்பி வா" என்றேன். காலையில் இல்லாத இடம் எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வண்டலூர் சாலையில் தண்ணீர். கார் எதுவும் கிடைக்காமல், மீன் ஏற்றும் அவள் மாமாவின் குட்டியானை லாரியில் வந்து சேரும்போது நாலரை ஆகிவிட்டது. மாமாதான் மாதாமாதம் அவளுக்காக மீன் பிடித்துக் கொடுத்தவர். மீனுக்கு வைத்திருந்த ஐஸை உடைத்து, உப்புப் போட்டு, தெர்மோகோல் பெட்டிகளில் ரத்தப் பெட்டிகளைப் புதைத்துக் கொண்டுவந்திருந்தார். கைதேர்ந்த வேலைதான். ஆனால் மைனஸ் எண்பதுக்கு முன்னால் மீன் ஐஸ் என்பது வெந்நீர்.

"ஐஸ் வெக்கிற பொட்டிதான மேடம். அதுக்கு இன்னா இம்மாம் பேஜாரு? காலைலேர்ந்து புள்ள ஒண்ணும் துன்னல" என்றார், பெட்டியை இறக்கிக்கொண்டே.

அவள் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, ஒரு குழாயை எடுத்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். மூன்றாம் வருஷம், கல்லாக இருந்தது. இரண்டாம் வருஷமும் பரவாயில்லை. முதல் வருஷப் பெட்டிகள் மேல்தட்டில் இருந்தவை, சூடு முதலில் ஏறும் இடம்; வழியில் ஐஸும் அவற்றுக்குப் போதவில்லை. அந்தப் பன்னிரண்டு பெட்டியிலும் குழாயைச் சாய்த்தால் உள்ளே திரவம் ஓடியது.

"திரும்ப எடுத்துடலாம் இல்லையா?" என்று கேட்டேன். ஒரு வருஷம் ஆகும், ஆனாலும் எடுக்கலாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது.

"முடியாது மேடம். இது கழிவுநீர்க் கால்வாய் வெட்டி வுடறதுக்கு முன்னாடி எடுத்தது. இப்ப அந்தத் தண்ணியே இல்ல."

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. மருமகள் தோளில் கைவைத்தவர் என்னைப் பார்த்து, "மழ பெஞ்சா யாரு இன்னா பண்ண முடியும். நீங்க பாவம், எங்களுக்கோசரம் காலைலேர்ந்து அல்லாருக்கும் போன் போட்டுகினு கீறீங்க" என்றார். அவளும் "ஆமா மேடம், ரொம்ப தேங்க்ஸ்" என்றாள். பெஞ்சின்மேல் காலிப் பெட்டிகள் குவிந்திருந்தன. அவள் பார்த்திருப்பாள். என்ன என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் பல நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த வருஷ ஆண்டறிக்கையில் அது வலையத்தின் வெற்றிக் கதையாக ஒரு முழுப் பக்கம் வந்தது. எழுதியவள் நான். மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர் அதை உரக்கப் படித்துப் பாராட்டினார். இனி அவசரக் காலத்துக்கென்று தனிப் படிவம் வேண்டும் என்று வலையத்தில் தீர்மானம் போட்டார்கள். அதில் ஐந்து கையெழுத்து. இந்த முறை வேறு யாரையாவது வடிவமைக்கச் சொல்லுங்கள் என்று எழுந்து வந்துவிட்டேன். இப்போது மாதம் ஒருமுறை ஃபிரீசரைத் திறந்து எல்லாப் பெட்டியையும் குலுக்கிப் பார்க்கிறேன். காலியாக இருந்தால் உரியவர் மேசையில் கொண்டுபோய் வைக்கிறேன். என்மீது இரண்டு புகார்கள் நிலுவையில் இருக்கின்றன.

போன மாதம் அவள் ஆய்வேட்டோடு வந்தாள். தலைப்பில் முதலில் கால்வாய்க்கு முன்னும் பின்னும் என்று இருந்ததாம். இப்போது பின் மட்டும்தான். முதலாண்டு மாதிரிகள் தவிர்க்க முடியாத காரணங்களால் கிடைக்கவில்லை என்று மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரி. அந்தத் தவிர்க்க முடியாத காரணம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தது. நன்றியுரைப் பக்கத்தில் எனக்குத் தனியாக ஒரு பத்தி: உரிய நேரத்தில் இடமளித்து உதவியமைக்கு.

கிளம்பும்போது, மாமா கொடுத்தனுப்பியதாக ஒரு தெர்மோகோல் பெட்டியை மேசைமேல் வைத்தாள். ஐஸுக்கு நடுவே மடவை, அன்று காலை பிடித்தது.

"வீட்டு ஃபிரிட்ஜ்ல இடம் இருக்குமா மேடம்?" என்று கேட்டாள்.

இருக்கு என்றேன். அதையும் திறந்து பார்க்காமல்தான் சொன்னேன்.