பானையடியில் முளைத்த சலாது

சலாது விதை வெயிலில் முளைக்காது. விதைப்பதற்கு முன் அதைக் குளிர்ச்சியான இடத்தில் ஈரத்தோடு வைத்திருக்க வேண்டும் என்று இப்போது விதை உறையிலேயே அச்சடித்து விற்கிறார்கள். நான் அதை நான்காம் வகுப்பு படிக்கும்போது, புதுச்சேரியில் உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில், யாரும் சொல்லித் தராமல் கண்டுபிடித்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

எங்கள் வீட்டுக்கு அடுத்தது பெரியப்பா வீடு. தெருவில் அதைச் சொல்தா வீடு என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் புதுச்சேரியில் அதுதான் பெயர். பெரியப்பா பெரியம்மாவை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார். அவர்களுடைய ஒரே மகள், எனக்கு அக்கா, பிரான்சிலேயே கல்யாணமாகித் தங்கிவிட்டாள்.

திரும்பி வந்த நாளிலிருந்து பெரியப்பாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. ரொட்டி சவசவ என்றிருந்தது, கொசு கடித்தது, மின்விசிறி சத்தம் போட்டது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சாப்பாட்டில் சலாது இல்லை. சலாது என்பது முட்டைக்கோஸ் போலச் சுருண்டு, ஆனால் மெல்லியதாக இருக்கும் இலை. எண்ணெயும் வினிகர் என்கிற காடியும் உப்பும் சேர்த்துப் பச்சையாகத் தின்பார்கள். அதன் விதை அவரிடம் உறை உறையாக இருந்தது.

உறையின் பின்புறம் பிரெஞ்சில் எழுதியிருந்ததைப் பெரியப்பா பட்டாளத்து உத்தரவு போல நிறைவேற்றினார். மார்ச் மாதத்தில் விதைக்கவும் என்று இருந்தது, பங்குனியில் விதைத்தார். நல்ல வெயில் படும் இடத்தில் என்று இருந்தது. தோட்டத்தில் நிழலே விழாத இடமாகப் பார்த்துப் பாத்தி கட்டினார். ஒன்றும் முளைக்கவில்லை. ஆவணியில் அதே இடத்தில், அதே ஒழுங்கோடு, இன்னொரு முறை விதைத்தார். மண்தான் சூடேறியது.

அப்பா மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார். "அண்ணே, ஆடு திங்கறத நாம திங்கணுமா? நம்ம ஊட்ல முருங்கக்கீர இருக்கு. பச்சையாவே ஒரு தட்டு அனுப்பட்டுமா?"

"உனக்கு இன்னாடா தெரியும்? கடலூரத் தாண்டி எங்கனா போயிருக்கியா நீ?"

அன்று மாலையே பெரியப்பா முடிவைச் சொல்லிவிட்டார். இந்த மண் தனக்கு ஆகாது. பொங்கல் முடிந்ததும் மகளிடமே போய்விடுவது. அக்காவுக்குப் பங்குனியில் பிரசவம் என்று வேறு பேசிக்கொண்டார்கள். பெரியம்மா பரண்மேல் இருந்த பெரிய தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தார். மதியங்களில் வியர்வையில் நூல் விரலோடு ஒட்ட ஒட்ட, கம்பளியில் சின்னச் சின்னதாக ஏதேதோ பின்னி அந்தப் பெட்டியில் வைத்தார்.

எனக்குப் பெரியப்பா போவதில் சம்மதமே இல்லை. அந்தத் தெருவில் என்னைப் பெரிய மனுஷியாக நடத்திப் பேசியவர் அவர் ஒருவர்தான். அதனால் மிச்சமிருந்த விதையைக் கேட்டு வாங்கினேன். "எடுத்துக்க. எப்படியும் குப்பைக்குத்தான் போவுது" என்றார்.

நான் யோசித்தது இவ்வளவுதான். இது பனி பெய்கிற ஊர் விதை. பெரியப்பாவாலேயே இந்த வெயிலைத் தாங்க முடியவில்லை. விதை எப்படித் தாங்கும்? எங்கள் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் குடிதண்ணீர்ப் பானைக்கு அடியில் பரப்பியிருந்த மணல். பானை கசிந்து அது எப்போதும் சில்லென்று இருக்கும். பழைய வேட்டித் துணியில் விதையை முடிந்து, நனைத்து, அங்கே வைத்தேன்.

"பானைகிட்ட இன்னாடி மூட்ட?" என்றாள் அம்மா.

"பிரான்சு வெதம்மா. அதுக்கு வெயில் ஆவல."

"ஆவும் ஆவும். தண்ணி நாறுச்சின்னா உன் முதுகு பழுத்துடும்."

தண்ணீர் நாறவில்லை. இரண்டு மூன்று நாளில் துணியைப் பிரித்தால், விதைக்கு விதை வெள்ளையாக ஒரு முளை. அப்படியே எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். பெரியப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, துணியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது மட்டும் என் தட்டுக்கு வந்துதுன்னா, நான் எங்கயும் போவல" என்றார்.

பெரியம்மா அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முளைகளைக் கொட்டாங்குச்சிகளில், மணலும் செம்மண்ணும் எருப்பொடியும் கலந்து, விதை மறையும் அளவுக்கு மட்டும் புதைத்தேன். நான்கு இலை விட்டதும் பிரித்து நட வேண்டும். தண்டைப் பிடித்தால் நசுங்கிவிடும் என்பதால் இலையைப் பிடித்துக்கொண்டு, ஈர்க்குச்சியால் வேருக்கு அடியில் நெம்பி மண்ணோடு எடுத்தேன். வெயில் தாழ்ந்த பிறகுதான் பாத்தியில் நட்டேன். தலை சாய்ந்தவை மறுநாள் காலையில் நிமிர்ந்து நின்றன. அவற்றைப் பார்த்த சந்தோஷம் பிறகு எந்தப் பரிசு வாங்கியபோதும் எனக்கு வந்ததில்லை.

ஆனால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பாத்தியில் நட்ட செடிகளை ஒரே அடியில் மண்ணோடு அடித்துக்கொண்டு போனது. கொட்டாங்குச்சியில் மிஞ்சியவற்றுக்கு வேர் ஓட இடமில்லை. பாத்தியில் வைத்தால் மழை விடாது. நான் பெரியப்பா வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

"எதுக்குடி அழுவற?" என்றார் பெரியம்மா.

"இதுங்க செத்துட்டா நீங்கல்லாம் போயிடுவீங்க."

அவர் உள்ளே போய்த் தகரப் பெட்டியை இழுத்து வந்தார். அதில் பின்னி வைத்திருந்தவற்றை அலமாரியில் அடுக்கினார். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஆணியை வைத்து அம்மிக் குழவியால் தட்டித் தட்டி ஓட்டை போட்டார்.

"தண்ணி வடியணும்ல. இதுல மண்ணக் கொட்டு. தாவாரத்துல வெச்சிக்கலாம், மழ படாது."

ஓட்டைகள் சீராக இல்லை என்று நான் குறை சொன்னேன். அவர் இன்னும் இரண்டு அடித்துக் கொடுத்தார்.

பொங்கல் கழித்து ஒரு நாள் சலாது பெரியப்பாவின் தட்டுக்கு வந்தது. எண்ணெய், காடி, உப்பு எல்லாம் அவரே அளந்து கலந்தார். அப்பாவையும் உட்கார வைத்தார். அப்பா ஓர் இலையை வாயில் போட்டு, "ஆட்டுக்கு நல்ல நாக்குண்ணே" என்றார். பெரியப்பா தட்டைத் துடைத்துத் தின்றுவிட்டு எழுந்து நின்று, நான்காம் வகுப்புக்காரியான எனக்குச் சல்யூட் அடித்தார். பெரியப்பா எங்கும் போகவில்லை. பங்குனியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போட்டோ தபாலில் வந்தது.

இரண்டு செடிகளைப் பறிக்காமல் பூக்கவிட்டு விதையும் எடுத்தேன். அடுத்த ஐப்பசியில் அதை முடிந்து வைக்க நல்ல துணி கேட்டுப் பெரியம்மாவிடம் போனேன். அலமாரியைத் திறந்ததும் மேல்தட்டில் ஒரு மஞ்சள் கம்பளிக் குல்லாய் இருந்தது. கம்பளி ஈரத்தை நன்றாகப் பிடிக்கும் என்று எனக்கு உடனே தோன்றியது.

"அது குடுங்க பெரியம்மா."

அவர் குல்லாயை எடுத்து, உள்ளே விரல்களை விட்டு விரித்துப் பார்த்தார். "கொழந்தைக்கு இனிமே இது பத்தாது" என்றார்.

"வெதைக்குப் பத்தும்" என்றேன் நான்.

பெரியம்மாவே அதைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, வாயை விரித்துப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு விதைகூடச் சிந்தாமல் உள்ளே போடுவதிலேயே குறியாக இருந்தேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை.